கழித்த மரமும் கடைசல் கலையும்

கட்டில் கால், தொட்டில் கட்டை, மத்து, பம்பரம், பூரிக்கட்டை என நம் வீடுகளில் உருண்டு திரண்டிருக்கும் மரப்பொருள்கள் யாவும் கடைசல் பட்டறையில் பிறந்தவையே. மோரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவதை நண்பர்கள் கவனித்திருக்கலாம். செயலும் ஏறக்குறைய ஒன்றுதான். மின்விசை வருமுன் மரத்தின் மேல் கயிற்றைச் சுற்றி ஒருவர் மாறி மாறி இழுப்பார். மரம் முன்னும் பின்னும் சுழலும். அது தம் பக்கம் சுழலும்போது மட்டும் கடைபவர் உளியை வைப்பார். இன்று அந்த வேலையை மோட்டார் செய்கிறது.

அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளும் கர்நாடக மாநிலம் சன்னபட்னாவின் பொம்மைகளும் இக்கலையால் பெயர் பெற்றவை. சன்னபட்னாவில் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்கை அழுத்துவார்கள். உராய்வு வெப்பத்திலேயே அரக்கு உருகிப் படியும். பின் தாழை மடலால் தேய்க்க, பளபளப்பு வரும். உராய்வு வெப்பத்திற்கு இதைவிட அழகான சோதனை ஏது?

இதற்கு மரம் எங்கிருந்து கிடைக்கும்? நம்மைச் சுற்றி மலைகள்தாம். ஆனால் வருசநாட்டுக் காடுகளும் மேகமலைக் காடுகளும் வைகைக்கு நீர் தருபவை; 2021-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகப் பாதுகாக்கப்படுபவை. மலையை வெட்டவேண்டிய தேவையும் இல்லை. கம்பம், சின்னமனூர், போடிப் பக்கங்களில் பழைய ஓட்டு வீடுகள் இடிபட்டு, நிலை, கதவு, விட்டம் எல்லாம் வெளியே வருகின்றன. டிராக்டர் வந்தபின் மாட்டு வண்டிகள் தொழுவத்து மூலையில் கிடக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இத்தகைய பழைய மரங்களுக்கு நல்ல விலை உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் விறகு விலைதான்.

விறகாக்கினால் என்ன நட்டம்? உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். 10 கிலோ மரத்தை எரித்தால் சுமார் 18 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு காற்றில் கலக்கும். அதே மரம் முக்காலியாக இருக்கும்வரை அந்தக் கார்பனும் வீட்டிலேயே இருக்கும்.

பழைய மரத்திற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பச்சை மரத்தில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது: செல்லின் உள்ளே நிறைந்த நீர் ஒன்று, செல்சுவரில் பிணைந்த நீர் மற்றொன்று. உள் நீர் வற்றும்போது மரம் சுருங்காது. ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்திற்குக் கீழே இறங்கி, சுவரின் நீர் வெளியேறும்போதுதான் சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் அல்ல. ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. வெடிப்பும் கோணலும் இதனால் வருபவையே. பல ஆண்டுகள் கூரையிலிருந்த விட்டம் இந்தச் சோதனைகளை எல்லாம் முடித்துவிட்டது.

பழைய மரத்தில் கவனிக்க வேண்டியவை சில. முதலில் காந்தத்தைத் தடவிப் பார்த்து, மறைந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கவேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாகாது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்க வல்லது என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருப்பதால் முகமூடி கட்டாயம். தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக் கையும் ஆகா.

வேகத்தைப் பற்றி நம் இயற்பியல் பாடமே எச்சரிக்கிறது. 20 செ.மீ. விட்டமுள்ள கட்டை நிமிடத்திற்கு 600 முறை சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த விளிம்பில் விரிசல் விட்ட 50 கிராம் துண்டைப் பிடித்துவைக்க, 2 கிலோ எடையைத் தாங்கும் விசை வேண்டும். வேகத்தை இருமடங்காக்கினால் விசை நான்கு மடங்காகி 8 கிலோ அளவாகும். ஆகவே, பருத்த கட்டைக்கு மெதுவான சுழற்சியே நல்லது.

எங்கள் தாத்தாவின் வண்டிச் சக்கரம் ஒன்றில் 12 ஆரக்கால்கள் இருந்தன. ஒரு முக்காலிக்கு மூன்று வீதம் நான்கு முக்காலிகளுக்கு அவை போதும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால் முக்காலி மேடுபள்ளத் தரையிலும் ஆடாது. பழைய கதவுப் பலகை இருக்கையாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் ஆசாரி ஒருவரின் பட்டறையில் இவற்றைக் கடைந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். "படிக்கிற பிள்ளைக்கு உளி எதுக்குப்பா?" என்று அப்பா கேட்டார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை அவருடையது. மகன் கையாவது காய்க்கக் கூடாது என்பது அவர் ஆசை. அந்தக் கேள்வியில் இருந்த அன்பு எனக்குப் புரிந்தது. ஆனாலும், விசையென்றும் உராய்வென்றும் வகுப்பில் படித்ததை என் விரல்கள் அறிந்துகொண்டது அந்தப் பட்டறையில்தான். ஏட்டில் எங்கும் எழுதப்படாத அறிவு அந்த ஆசாரியிடம் நிறைய இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிவைக்கப் படித்த நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது தொழுவத்து மூலையை ஒருமுறை பாருங்கள். விறகுக்கு எடை போடுமுன் அது என்ன மரம் என்று பெரியவர்களைக் கேளுங்கள். கூடவே அந்த ஊர்ப் பட்டறைக்கும் ஒருநடை போய் வாருங்கள்.