மாகாணி விமானம்

நியூயார்க்கின் மன்ஹாட்டனிலிருந்து ஹட்சன் ஆற்றைத் தாண்டி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால் டெட்டர்பரோ என்றொரு விமான நிலையம் வரும். டிக்கெட் வாங்கி ஏறும் விமானம் ஒன்றுகூட அங்கே கிடையாது. வந்துபோவதெல்லாம் தனியார் ஜெட்கள். அவற்றில் பலவற்றின் பதிவு எண் 'கியூஎஸ்' என்ற இரண்டு எழுத்துகளில் முடிவதைப் பார்க்கலாம். குவார்ட்டர் ஷேர், அதாவது கால் பங்கு என்பதன் சுருக்கம் அது. விமானத்தைப் பங்கு போட்டு விற்கத் தொடங்கிய நிறுவனம், தான் விற்ற பொருளின் பெயரை விமானத்தின் மேலேயே எழுதிவிட்டது.

இப்போது பங்கு இன்னும் சிறுத்துவிட்டது. அரைக்கால் உண்டு, பதினாறில் ஒன்றான மாகாணியும் உண்டு. நிலத்தையும் கிணற்றையும் பாகம் பிரித்த பழைய பத்திரங்களில் இந்தச் சொற்களைப் பார்த்திருப்போம். கிணற்றில் பங்கு என்றால் முறை வைத்துக்கொள்ளலாம்: திங்கள் அண்ணன் இறைக்கலாம், செவ்வாய் தம்பி இறைக்கலாம். ஜெட் விமானத்துக்கு முறை ஒத்துவராது. நினைத்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்பதற்காகத்தான் ஒருவர் அதற்குப் பணம் போடுகிறார். உங்கள் முறை வியாழக்கிழமை என்றால் அவர் ஏன் வாங்கப்போகிறார்?

அதனால் விற்பவர் தரும் வாக்குறுதி வேறு மாதிரி இருக்கிறது. மாகாணி பங்குதான் உங்களுக்கு. ஆனால் வருடத்தின் எந்த நாளிலும், சில மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால் போதும், விமானம் வந்து நிற்கும். இதே வாக்குறுதி மற்ற பதினைந்து பேருக்கும் உண்டு. பதினாறு பேருக்கும் ஒரே விமானத்தை எப்படித் தர முடியும்? தர முடியாது. தருவதும் இல்லை. அந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு கணிதக்காரர்.

கணக்கு தெரிந்த முதலாளி

எக்ஸிகியூட்டிவ் ஜெட் ஏவியேஷன் என்ற நிறுவனம் 1964-இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரிகள் இருந்தார்கள். ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு வீசிய விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸ் 1976-இல் இதன் தலைவரானார். அப்போது இது ஜெட் விமானங்களை வாடகைக்கு விடும் நிறுவனம், அவ்வளவுதான்.

1984-இல் ரிச்சர்ட் சான்டுல்லி இதை வாங்கினார். கணிதம் படித்தவர், கோல்ட்மன் சாக்ஸ் நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். யார், எப்போது, எங்கிருந்து எங்கே பறந்தார்கள் என்ற பழைய பயணப் பதிவுகள் நிறுவனத்தில் ஆண்டுக்கணக்காகக் குவிந்துகிடந்தன. அவற்றை எடுத்துவைத்து அவர் கணக்குப் போட்டார். இத்தனை பங்குதாரர்கள் இருந்தால், எல்லாருக்கும் கேட்டபோது விமானம் தர எத்தனை விமானங்கள் வேண்டும்? விடை கிடைத்ததும் 1986-இல் நெட்ஜெட்ஸ் என்ற பெயரில் பங்கு விற்பனையைத் தொடங்கினார்.

அவர் போட்ட கணக்கின் சாரத்தை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்த்துவிடலாம். எட்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு விமானம் வாங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு நாள் அது தேவை. ஆளுக்கு ஒரு நாள், சரியாகப் போச்சு என்று தோன்றும். ஆனால் தேவை வரிசையில் நின்று வராது. நிகழ்தகவுப்படி பார்த்தால், சுமார் நான்கு நாளுக்கு ஒரு நாள் இரண்டு பேரோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் கேட்பார்கள். நட்பு முறிய இது போதும். தகராறு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்றால் அந்த எட்டுப் பேருக்கு நான்கு விமானங்கள் வேண்டும். சராசரித் தேவை ஒன்று. வைத்திருக்க வேண்டியது நான்கு.

இப்போது எட்டை எண்ணூறு ஆக்குங்கள். சராசரித் தேவை நாளுக்கு 100 விமானங்கள். அதே அளவு உத்தரவாதம் தர 400 விமானங்கள் தேவையில்லை, 130 போதும். ஒருவருக்குத் திடீர் வேலை வரும் நாளில் இன்னொருவரின் கூட்டம் ரத்தாகியிருக்கும். ஆள் கூடக் கூட இந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்கின்றன. தனி ஒருவர் நாளைக்கு என்ன செய்வார் என்று சொல்வது கடினம். எண்ணூறு பேர் என்ன செய்வார்கள் என்று சொல்வது அவ்வளவு கடினமில்லை. காப்பீட்டுத் தொழில் நிற்பதும் இதே கணக்கின் மேல்தான்.

ஆகவே உங்கள் பெயரில் மாகாணி இருக்கும் விமானத்தில் நீங்கள் ஏறுவது அபூர்வம். அது கலிஃபோர்னியாவில் யாரையோ ஏற்றிக்கொண்டிருக்கும். உங்கள் வாசலுக்கு வருவது வேறொருவரின் விமானம். எல்லாப் பங்குதாரர்களும் ஒருவருக்கொருவர் தங்கள் விமானங்களைக் கடன் கொடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒப்பந்தம் இல்லையென்றால் பங்குக்கு மதிப்பே இல்லை.

காலியாகப் பறக்கும் நேரம்

முழு விமானத்தைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு இன்னொரு தொல்லை உண்டு. டெட்டர்பரோவில் ஏறி ஃபுளோரிடாவில் இறங்கி ஒரு வாரம் தங்குகிறார் என்றால், விமானம் ஒரு வாரம் அங்கேயே நிற்க வேண்டும். இல்லையென்றால் காலியாகத் திரும்பிப் போய்ப் பிறகு மறுபடி காலியாக வர வேண்டும். எரிபொருளும் விமானிகளின் சம்பளமும் அவர் கணக்கில்தான்.

பங்குதாரருக்கு அந்தக் கவலை இல்லை. தான் உள்ளே இருக்கும் நேரத்துக்கு மட்டுமே அவர் மணிக்கணக்கில் பணம் கட்டுகிறார். அவரை இறக்கிவிட்ட விமானம் பக்கத்து ஊரில் காத்திருக்கும் வேறொருவரை ஏற்றப் போகலாம். காலியாகப் போக நேர்ந்தால் செலவு நிறுவனத்துடையது. விமானங்கள் நிறைய இருந்தால் அடுத்த பயணி அருகிலேயே கிடைக்கும் வாய்ப்பும் கூடும். இந்தத் தொழிலில் சிறியவர்கள் தாக்குப்பிடிப்பது கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். காலிப் பயணத்தை எவ்வளவு குறைத்தாலும் அடியோடு ஒழிக்க முடியாது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் தனியார் ஜெட்களைக் குறைகூறும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

பங்கின் விலை

ஒரு முழு விமானத்துக்கு ஆண்டுக்கு 800 பறக்கும் மணி என்று தொழிலில் கணக்கு வைக்கிறார்கள். அதன்படி கால் பங்குக்கு 200 மணி, அரைக்காலுக்கு 100, மாகாணிக்கு 50. விமானத்தின் விலை 1.6 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாகாணிக்கு 10 லட்சம் டாலர். அது நுழைவுக் கட்டணம் மாதிரி. அதற்கு மேல் விமானிகள், பராமரிப்பு, காப்பீடு, நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு மாதக் கட்டணம் உண்டு. பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதைக் கட்ட வேண்டும். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கட்டணம், எரிபொருள் விலை ஏறினால் அதற்கும் ஒரு கூடுதல் தொகை. ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து ஆண்டு. முடிவில் நிறுவனம் அன்றைய சந்தை விலையில் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அன்றைய சந்தை விலை என்ற சொற்களை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலில் உள்ளவர்கள் தோராயமாக ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆண்டுக்கு 25 மணிக்கும் குறைவாகப் பறப்பவர் வாடகைக்கு எடுக்கலாம். 50-லிருந்து 200 மணிக்குச் சற்று மேல்வரை பறப்பவருக்குப் பங்கு கட்டுப்படியாகும். 400-ஐத் தாண்டினால் சொந்த விமானம். தொழிலுக்காக வாங்கும் விமானத்தின் விலையை வருமான வரியில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கியதென்றால் உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு முழுவதையும் முதல் ஆண்டிலேயே கழிக்கலாம். பங்குக்கும் இது பொருந்தும் என்பதால் விற்பனைக்கு வரியும் ஒரு கை கொடுக்கிறது.

இப்படிப் பங்கில் பறப்பது சொந்தப் பயணமா, வாடகைப் பயணமா என்ற கேள்விக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2003-இல் தனி விதித்தொகுப்பு ஒன்றால் விடை சொன்னது. அதன்படி விமானத்துக்கு மாகாணிக்கும், ஹெலிகாப்டருக்கு முப்பத்திரண்டில் ஒன்றுக்கும் கீழே பங்கு பிரிக்கக்கூடாது. தன் பயணத்தின்மேல் கட்டுப்பாடும் பொறுப்பும் தனக்கே என்று புரிந்துகொண்டதாகப் பங்குதாரர் எழுத்தில் ஒப்பமிட வேண்டும். முன்பின் பார்த்திராத விமானத்தில் ஏறினாலும் சட்டத்தின் கண்ணில் அவர் உரிமையாளர்தான்.

ஒரே நாளில் எல்லாரும் வந்தால்

முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1980-களின் இறுதியில் தன் நிறுவனத்துக்கு ஒரு ஜெட் வாங்கி, 'எந்தச் சமாதானமும் சொல்ல முடியாதது' என்று பொருள்படும்படி அதற்குத் தானே கேலிப்பெயர் வைத்தவர். 1995-இல் நெட்ஜெட்ஸில் கால் பங்கு வாங்கினார். மூன்று ஆண்டு பறந்து பார்த்துவிட்டு, 1998-இல் அவருடைய பெர்க்‌ஷயர் ஹாத்வே 72.5 கோடி டாலருக்கு முழு நிறுவனத்தையும் வாங்கியது. அதற்குள் போட்டியாளர்களும் வந்திருந்தார்கள். விமானத் தயாரிப்பாளரான பொம்பார்டியர் 1995-இல் கூட்டாகத் தொடங்கிய ஃபிளெக்ஸ்ஜெட் அவர்களில் முக்கியமானது.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: பங்குதாரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் முடிவெடுக்கக்கூடாது. அவரவர் வேலைக்கு அவரவர் பறக்கும்வரை ஏற்ற இறக்கங்கள் சமனாகும். நன்றிகூறல் நாளுக்கு முந்தைய புதன்கிழமையோ கிறிஸ்துமஸ் வாரமோ வந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் ஊருக்குப் போக வேண்டும். அதனால் ஒப்பந்தத்தில் 'உச்ச நாட்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்த நாட்களில் நெடுநேரம் முன்னால் சொல்ல வேண்டும். புறப்படும் நேரத்தை நிறுவனம் சற்றுத் தள்ளிவைக்கவும் செய்யலாம்.

பட்டியலில் எழுத முடியாத நாளும் உண்டு. 2008-இல் நிதி நெருக்கடி வந்தபோது பங்குதாரர்கள் பறப்பதை ஒரே நேரத்தில் குறைத்தார்கள். பங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய விமானங்களின் விலையும் அதே நேரத்தில் சரிந்தது. நிறுவனத்தின் கையில் விமானங்கள் தேங்கின. பெர்க்‌ஷயர் வாங்கியபோது 10.2 கோடி டாலராக இருந்த நெட்ஜெட்ஸின் கடன் 2009 ஏப்ரலில் 190 கோடியாகியிருந்தது. அந்த ஆண்டு வரிக்கு முந்தைய நஷ்டம் 71.1 கோடி. ஆகஸ்டில் சான்டுல்லி விலகினார். செலவைக் குறைத்த நிறுவனம் அடுத்த ஆண்டே லாபத்துக்குத் திரும்பியது. பிறகு பெருந்தொற்றுக் காலத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கூட்டத்துக்கு அஞ்சிய பணக்காரர்கள் எல்லாரும் ஒருசேரத் தனி விமானம் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில், பங்கு வாங்காமல் குறிப்பிட்ட மணி நேரத்தை மட்டும் வாங்கும் ஜெட் கார்டுகளின் விற்பனையை நெட்ஜெட்ஸ் நிறுத்திவைத்தது.

ஃபுளோரிடாவைச் சேர்ந்த அவன்டேர் 2013-இல் மூடப்பட்டபோது இன்னொன்று வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பங்குதாரர்கள் தங்கள் விமானத்தை மீட்கப் போனார்கள். பல விமானங்களிலிருந்து பாகங்களைக் கழற்றி வேறு விமானங்களில் பொருத்தியிருந்தார்கள். காகிதத்தில் இருந்த விமானம் முழுசாகத் தரையில் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் சந்தை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. 2023-இல் நெட்ஜெட்ஸ் 1,500 செஸ்னா சைட்டேஷன் ஜெட்கள்வரை வாங்கும் உரிமைக்கு ஒப்பந்தம் போட்டது. 2025-இல் ஃபிளெக்ஸ்ஜெட் பிரேசிலின் எம்ப்ரேயரிடம் 182 விமானங்களுக்கு உறுதி ஆர்டர் கொடுத்தது. எண்ணிக்கைதான் இந்தத் தொழிலின் முதல். பங்கு போட்டவர் உண்மையில் வாங்கியிருப்பது அந்த எண்ணிக்கையைத்தான்: முகம் தெரியாத மற்ற எண்ணூறு பேரும் நாளைக்குத் தன்னோடு சேர்ந்து கிளம்பிவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையை. டெட்டர்பரோவில் ஏறப்போகும் ஒருவரிடம் எது உங்கள் விமானம் என்று கேட்டால், தன் முன்னால் நிற்பதைக் கைகாட்டுவார். அது பெரும்பாலும் அவருடையதாக இருக்காது. நேரத்துக்கு வந்துவிட்டதல்லவா, அவருக்கு அது போதும்.