பற்சக்கரம் உள்ள எஞ்சின் மட்டும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும், தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை தொடங்கும். குன்னூர் வரை அது உண்டு. அங்கே சில இடங்களில் 12 மீட்டர் ஓடினால் ரயில் 1 மீட்டர் ஏறியிருக்கும்! சாதாரணச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். அதனால் பட்டையைக் கவ்வும் பற்சக்கரம் கொண்ட 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சின்தான் அங்கே ஓடுகிறது. குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சினே போதும்.

இந்த ரயிலுக்கு ஒரு கணினி நிரல் எழுதுவோமா?

குன்னூர் முதல் ஊட்டி வரை உள்ள நிலையப் பெயர்களை வெறும் எழுத்துகளாக வைத்தால், 'கேத்தி'யை நாம் 'கோத்தி' என்று அடித்தாலும் கணினி நம்பிவிடும். ஆகவே 'நிலையம்' என்றொரு வகையை உண்டாக்கி, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம் என்று எழுதிப் பட்டியலை மூடிவிடுவோம். இதுதான் எனுமரேஷன். ஜாவா, ரஸ்ட் போன்ற மொழிகளில், நிரல் ஓடுவதற்கு முன்பே, அதைக் கணினிக்காக மொழிபெயர்க்கும் கம்பைலர் இதைச் சோதிக்கும். பட்டியலில் இல்லாத பெயரை ஏற்காது. நிலையம்தோறும் என்ன செய்வது என்று எழுதும்போது லவ்டேலை மறந்துவிட்டால் ரஸ்ட் அதையும் கண்டுபிடிக்கும்.

1970-இல் வந்த பாஸ்கல் மொழியிலேயே இந்த வசதி இருந்தது. அம்மொழியை உருவாக்கிய நிக்லவுஸ் விர்த் பிறந்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில். நம் பழைய எக்ஸ் எஞ்சின்கள் செய்யப்பட்டதும் அதே ஊரில்தான்! பிற்பாடு திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் செய்தார்கள்.

அடுத்து, 'மலையேற்று' என்றொரு செயல். நிலக்கரி எரிக்கும் நீராவி எஞ்சினுக்கு ஒன்று, எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சினுக்கு ஒன்று என எழுதினால் அதே வரிகள் திரும்பத் திரும்ப வரும். எஞ்சின் வகைக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டு ஒரே முறை எழுதலாம். அது ஜெனரிக். ஆனால் அந்த இடத்தில் எது வேண்டுமானாலும் வரலாம் என்றால், உள்ளே 'பற்சக்கரத்தைச் சுழற்று' என்று எழுதக் கம்பைலர் விடாது. வரும் எஞ்சினுக்குப் பற்சக்கரம் உண்டா என்று அதற்கு எப்படித் தெரியும்?

எனவே ஒரு நிபந்தனை போடுவோம்: 'பற்சக்கரம் உள்ளது மட்டும்'. இனி டீசல் எஞ்சினைக் கொடுத்தால் கம்பைலர் மறுக்கும். நாமோ பற்சக்கரத்தைத் தயங்காமல் சுழற்றலாம். வெளியே இருப்பவருக்குத் தடை, உள்ளே எழுதுபவருக்குச் சுதந்திரம்! எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு இன்னொரு செயல் எழுதினால், 'ரயிலை இழுக்கக்கூடியது' என்ற நிபந்தனையே போதும். அங்கேயும் பற்சக்கரம் கேட்டால், நன்றாக இழுக்கும் டீசல் எஞ்சினையும் வீணாகத் திருப்பி அனுப்பிவிடுவோம்.