கட்டாக்காலிச் சேவல்களும் வளவுக் கோழி வளர்ப்பும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் குடும்பங்கள் பல தம் வளவிற் சில கோழிகளையும் வளர்த்து வருகின்றன. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் உப்பு, சவர்க்காரம், பிள்ளைகளின் கொப்பி முதலிய சிறு செலவுகளை முட்டைக் காசே தாங்குகின்றது. எனினும், முட்டை விரைவிற் பழுதடைகின்றது, நல்லினப் பேடு வாங்கியும் குஞ்சுகள் சிறுத்துப் போகின்றன, ஒரே வாரத்திற் கூடு வெறுமையாகின்றது என்னும் குறைகள் ஊர்தோறும் கேட்கப்படுகின்றன. இவற்றுக்குக் காரணம் தேடுவோர் தீனியையும் கூட்டையும் நோக்குவர். வேலியின் மேல் நின்று கூவும் உரிமையாளரற்ற சேவலை நோக்குவோர் சிலரே.

சேவல்கள் வரும் வழி

கட்டாக்காலிச் சேவல்கள் மூவகைப்படும். அடைத்து வளர்க்கப்படாமையால் மரங்களில் தங்கப் பழகி, காலப்போக்கில் எவருக்கும் உரியனவல்லாமற் போனவை முதல் வகை. நேர்த்திக்கடனாகக் கோயிலில் விடப்பட்டு, அயல் வளவுகளில் மேய்ந்து திரிபவை இரண்டாம் வகை. வன்னி போன்ற காட்டோரக் கிராமங்களில் விடியற்காலையிலும் மாலையிலும் வயலோரத்துக்கு வரும் காட்டுச் சேவல் மூன்றாம் வகை. இது இலங்கைக்கே உரிய இனம். நம் நாட்டின் தேசியப் பறவையுமாகும். செந்நிறக் கொண்டையின் நடுவே காணப்படும் மஞ்சள் நிறத்தால் இதனை எளிதில் அடையாளம் காணலாம்.

இச்சேவல்களை வளவுக்கு இழுப்பவை இரண்டு: சிந்திய தானியம் ஒன்று, அடைக்கப்படாத பேடுகள் மற்றொன்று. இவ்விரண்டும் இருக்கும்வரை, கல்லெறிந்து துரத்திய சேவல் மறுநாளும் வந்தே தீரும்.

கருமுட்டையும் வெறுமுட்டையும்

சேவல் இல்லாவிடிற் பேடு முட்டையிடாது என்று எண்ணுவோர் இன்றும் உளர். இது தவறு. பேடு முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. முட்டையிற் கரு உண்டாவதற்கே தேவை. உண்பதற்கும் விற்பதற்கும் கருவில்லாத வெறுமுட்டையே சிறந்தது. கருமுட்டையைச் சுற்றியுள்ள வெப்பம் ஏறக்குறைய 21 பாகை செல்சியசுக்கு மேற்படின், அதனுட் கரு மெல்ல வளரத் தொடங்கும். நம் தாழ்நிலப் பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி வெப்பம் இதனிலும் கூடியதாகவே உள்ளது. ஆதலால் அடுக்களை மூலையில் வைத்த கருமுட்டையிற் சில நாட்களுள் இரத்த வளையம் தோன்றும். பின்னர்க் கரு இறந்து முட்டை பழுதாகும். வெறுமுட்டைக்கு இக்கேடு இல்லை. சந்தையில் ஒரு கூழ்முட்டை உடைந்தால், அவ்வீட்டு முட்டையை வாங்குவோர் அடுத்த முறை தயங்குவர்.

சேவல் மந்தையிற் பாதி

ஒவ்வொரு குஞ்சும் தன் குணங்களிற் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகின்றது. பேடுகள் பத்தாயினும் சேவல் ஒன்றாயின், குஞ்சுகள் அனைத்திலும் பாதி அச்சேவலினுடையதே. றோட் ஐலண்ட் றெட் போன்ற நல்லினச் சேவலை விலை கொடுத்து வாங்கிய கமக்காரர், பேடுகளைத் திறந்துவிட்டால், அவர் செலவிட்ட பணத்தின் பயனை வேலி தாண்டி வரும் சேவல் கெடுத்துவிடும்.

ஒருமுறை சேவலோடு சேர்ந்த பேட்டின் உடலில் அச்சேவலின் விந்து பல நாட்கள் உயிருடன் தங்கியிருக்கும். இதனாற் சேவலைப் பிரித்த பின்னும் இரண்டு வாரம்வரை, சிலவேளை மூன்று வாரம்வரையும், கருமுட்டைகள் கிடைக்கும். ஆகவே அடைக்கு வைக்கும் முட்டைகள் தாம் தெரிந்தெடுத்த சேவலினுடையனவாக இருத்தல் வேண்டுமாயின், பேடுகளை அச்சேவலோடு மட்டும் மூன்று வாரம் அடைத்து வைத்து, அதன் பின்னர் இடும் முட்டைகளையே சேர்த்தல் வேண்டும். எட்டுப் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். சேர்த்த முட்டைகளைக் கூர்முனை கீழாக இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் வைத்து, ஏழு நாட்களுள் அடைக்கு வைத்தல் நன்று.

நோயின் தூதன்

இழப்புகளுட் பெரியது நோயினால் வருவதே. இரானிக்கெட் நோய் எனவும் வழங்கும் நியூகாசில் நோய், நோயுற்ற பறவையின் எச்சத்தாலும் மூக்குநீராலும் பரவுவது. ஐந்தாறு வளவுகளில் ஒரே நாளில் மேயும் சேவல், ஒரு வீட்டு நோயை மற்றைய வீடுகளுக்குச் சுமந்து செல்லும். மூச்சுத்திணறல், பச்சை நிறக் கழிச்சல், கழுத்துத் திருகல், கால் இறக்கை வழங்காமை என்பன இதன் அறிகுறிகள். நோய் கண்டபின் மருந்தில்லை. முன்னரே தடுப்பு மருந்து ஏற்றுதலே வழி. அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து, உரிய காலத்தில் ஏற்றி, குறித்த இடைவெளியில் மீண்டும் ஏற்றுவித்தல் வேண்டும். இறந்த கோழியை வாய்க்காலிலோ பற்றையிலோ எறியாது, ஆழமாகப் புதைத்தல் வேண்டும். உண்ணியும் பேனும் இவ்வாறே ஒரு பறவையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்.

அடைத்து வளர்த்தல்

துரத்துவதாற் பயனில்லை யாதலின், பேடுகளை அடைத்தலே உறுதியான வழி. பத்துப் பேடுகளுக்கு இரவிற் படுக்க 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கூடு போதும். அதனை நிலத்திலிருந்து 2 அடி உயரத்திற் கம்புகளின் மேல் அமைத்துக் கிடுகால் வேயலாம். கூட்டோடு சேர்த்து 15 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள மேய்ச்சல் அடைப்பு ஒன்று வேண்டும். அடைப்பின் வேலி 6 அடிக்குக் குறையாதிருத்தல் நன்று. கம்பிவலை வாங்க இயலாதோர் கிடுகு வேலியின் அடியை நெருக்கமாகக் கட்டி, மேலே பழைய மீன்வலையை விரித்துக் கட்டலாம். மேல்வலை இன்றேல், மரக்கிளையிலிருந்து சேவல் உள்ளே இறங்கிவிடும். பேடுகள் பறந்து வெளியேறாதிருக்க, ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்துவிடலாம். இறகுகள் மீண்டும் முளைக்கும்போது திரும்பக் கத்தரித்தல் வேண்டும்.

முழுநாளும் அடைக்க வசதியற்றோர் நேரமறிந்து திறத்தல் வேண்டும். பேடுகள் பெரும்பாலும் நண்பகலுக்கு முன்னரே முட்டையிடும். சேவல்கள் பேடுகளை மிகுதியாக நாடுவது பிற்பகலின் கடைக்கூறில். ஆகவே முட்டையிட்ட பின் திறந்து, பிற்பகல் 3 மணிக்கு முன் அடைத்துவிடுதல் நன்று. பலர் செய்வதுபோல மாலையில் மட்டும் திறந்துவிடுதல் சேவலுக்கு வாய்ப்பான நேரத்தையே அளிப்பதாகும். இம்முறையால் இடையூறு குறையுமேயன்றி முற்றாக நீங்காது.

தீனியை அடைப்பினுள்ளேயே இட்டு, எஞ்சியதை மாலையில் அகற்றுக. நெல் காயவிடும் பாயையும் சூடடித்த களத்தையும் கூட்டித் துப்புரவாக வைத்தால், வெளிச்சேவல்களின் வருகை தானே குறையும்.

சேவல்களை என் செய்வது?

ஊர்ச் சேவலாயின், முதலில் அயலாரை விசாரித்து உரிமையாளர் எவருமில்லை என்பதை உறுதி செய்க. இருளிற் கோழிக்குக் கண் நன்கு தெரியாது; ஆதலின் இரவில் அது உறங்கும் கிளையிலிருந்து ஓசையின்றி எடுத்தல் எளிது. பிடித்த சேவலை மூன்று வாரம் தனியே அடைத்து நோயின்மையை அறியாமல், வீட்டுக் கோழிகளோடு சேர்த்தலாகாது.

கோயிற் சேவல் நேர்த்திக்குரியது. அதிற் கைவைத்தல் முறையன்று. அவற்றைக் கோயில் வளவினுள்ளேயே அடைத்து வைக்கவும், தடுப்பு மருந்து ஏற்றவும் கோயில் நிருவாகத்தாரோடு ஊரவர் பேசி ஒழுங்கு செய்யலாம். காட்டுச் சேவலைச் சுடுவதோ கண்ணி வைத்துப் பிடிப்பதோ கூடாது; அது சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டது. வீட்டுக் கோழியின் நோய் காட்டுக் கோழிக்கும் தொற்றக்கூடும். ஆதலின் காட்டோரத்தில் வாழ்வோர் பேடுகளை அடைத்து வளர்ப்பது இருபாலார்க்கும் நன்மையாகும்.

தோட்டத்துக்கு வரும் பயன்

அடைத்து வளர்ப்போர்க்குப் பிறிதொரு பயனும் உண்டு. கத்தரி, மிளகாய் நாற்றுமேடைகள் கோழி கிளறாது தப்பும். கூட்டின் கீழ் நெல்லுமி பரப்பினால், எச்சம் முழுவதும் அதிற் சேர்ந்து நல்ல பசளையாகும். புதிய கோழியெரு வேரைக் கருக்குமாதலால், அதனைக் குவித்து மக்கவைத்த பின்னரே பாத்திகளுக்கு இடுதல் வேண்டும்.

வேலிக்கும் வலைக்கும் ஒருமுறை செலவு உண்டு. அச்செலவு செய்யப்படாத வளவில், முட்டையும் குஞ்சும் மந்தையும் எவருக்கும் உரியதல்லாத ஒரு சேவலின் போக்கில் விடப்படுகின்றன. அடைப்பு ஒன்று அமைத்த வீட்டில், எந்த முட்டை சந்தைக்குச் செல்வது, எந்த முட்டை அடைக்குச் செல்வது என்பதைத் தீர்மானிப்பவர் கோழி வளர்ப்பவரே. வரும் காலபோக விதைப்புக்கு முன் கிடைக்கும் ஓய்வு நாட்களில் இவ்வேலையை முடித்துக்கொள்ளுதல் ஒவ்வொரு கமக்காரருக்கும் நலம் தரும்.