சுத்தியல் விழுந்த பிறகும் ஏறும் விலை

2017 நவம்பர் 15ஆம் திகதி நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ஓர் ஓவியத்தை விற்றது. லியனார்டோ டாவின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் 'சல்வத்தோர் முண்டி'. 2005இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகர ஏலமொன்றில் 1,175 டொலருக்குப் போன அதே படம் 450 மில்லியன் டொலருக்கு விலைப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. கேட்டவர்கள் வாய் பிளந்தார்கள். வியாபாரி என்ற வகையில் எனது கண் வேறோர் இடத்துக்குப் போனது. ஏலக்காரரின் சுத்தியல் விழுந்தது 400 மில்லியனில்தான். மீதி 50 மில்லியன் எங்கிருந்து வந்தது?

கணக்கைப் பாருங்கள். அன்றைய விகிதப்படி, வாங்குபவர் முதல் இரண்டரை இலட்சம் டொலருக்கு நூற்றுக்கு 25, அதற்கு மேல் 4 மில்லியன் வரை நூற்றுக்கு 20, எஞ்சிய தொகைக்கு நூற்றுக்கு 12.5 என்று ஏல நிறுவனத்துக்கு மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். கூட்டினால் 5 கோடியே 3 இலட்சத்து 12,500 டொலர். இதற்குப் பெயர் வாங்குபவர் கட்டணம். விற்பவரிடமும் தனியாகக் கமிஷன் உண்டு. பெரிய பொருளோடு வருபவருக்கு அதை விட்டுக் கொடுப்பார்கள். சிறிய மனிதருக்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது. புறக்கோட்டையில் ஒரு தரகர் இப்படி இரண்டு பக்கமும் கை நீட்டினால் நாம் அவருக்கு என்ன பெயர் வைப்போம் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இந்த வழக்கம் அப்படியொன்றும் பழையதல்ல. சொதபீஸ் 1744இலும் கிறிஸ்டீஸ் 1766இலும் ஆரம்பமானவை. ஆனால் லண்டனில் வாங்குபவரிடம் நூற்றுக்குப் பத்து எடுக்கத் தொடங்கியது 1975இல்தான். இரு நிறுவனங்களும் சில நாள் இடைவெளியில் அறிவித்தன. கலைப்பொருள் வியாபாரிகள் கூச்சலிட்டார்கள். பலனில்லை.

1995இல் அடுத்த கதை. விற்பவரின் கமிஷனில் இனிப் பேரம் பேச இடமில்லை, விகிதம் நிலையானது என்று முதலில் கிறிஸ்டீஸ் அறிவித்தது. சில வாரங்களில் சொதபீஸும் அதையே அறிவித்தது. எதிரும் புதிருமான இரண்டு கடைகள் இரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு செய்த வேலை அது. 2000ஆம் ஆண்டு கிறிஸ்டீஸ் தன்னிடமிருந்த ஆவணங்களைத் தானே அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்துத் தண்டனையிலிருந்து தப்பிக்கொண்டது. சொதபீஸின் பிரதம நிறைவேற்று அதிகாரி டயானா புரூக்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதன் தலைவர் அல்பிரட் டோப்மனுக்கு 2002இல் ஒரு வருடமும் ஒரு நாளும் சிறை, 7.5 மில்லியன் டொலர் அபராதம். வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கைத் தீர்க்க இரு நிறுவனங்களும் சேர்ந்து 512 மில்லியன் டொலர் கொடுத்தன. ஆனாலும் கட்டணம் ஒழியவில்லை. விகிதம் மட்டும் அவ்வப்போது மாறுகிறது.

இன்னொரு நுணுக்கம். பெரும்பாலான பொருட்களுக்கு இதற்குக் கீழே விற்பதில்லை என்று ஓர் இரகசிய விலை இருக்கும். அந்த விலையை எட்டும் வரை, கேட்க ஆளில்லாதபோதும் ஏலக்காரர் யாரோ கேட்டதுபோல் விலையை உயர்த்தலாம். நியூயோர்க்கில் இதற்குச் சட்டத்தில் இடமுண்டு. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' பற்றி மத்ரஸாவில் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஆகவே ஆரம்பத்தில் விலை துள்ளுவதைக் கண்டு பெரிய போட்டி என்று எண்ணிவிடக் கூடாது.

நம்மவர்கள் சிலர் இப்போது இணையம் வழியாகப் பழைய கடிகாரம், நாணயம், அரபு எழுத்தணிப் பிரதிகளுக்கு விலை கேட்கிறார்கள். கேட்கலாம். கையை உயர்த்தும் முன் விற்பனை நிபந்தனைகளை வாசித்து, கட்டணத்தைச் சேர்த்து, கப்பல் கூலி, காப்புறுதி, சுங்கத் தீர்வை எல்லாவற்றையும் கூட்டி, அங்கிருந்து பின்னோக்கி வந்து உச்ச விலையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கட்டணம் நூற்றுக்கு 25 என்றால் 10,000 டொலர் கையிலிருப்பவர் 8,000க்கு மேல் கேட்க முடியாது. அதிலும் கப்பல் கூலி சேரவில்லை. பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற பத்திரங்களையும் கேளுங்கள். அவை இல்லாத பொருளை மறுபடி விற்பது கடினம்.

வீட்டில் கிடக்கும் ஒல்லாந்தர் காலத்துக் காசையோ வாளையோ லண்டனுக்கு அனுப்ப நினைப்பவர்களும் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைக் கவனிக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. முதலில் அந்தத் திணைக்களத்துக்குப் போய் விசாரியுங்கள், ஏல நிறுவனத்துக்கு எழுதுவது அதற்குப் பிறகு.