உஷார்! எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கிறதா? சாஃப்ட்வேரைத் திட்டும் முன் பிராசசரைப் பாருங்கள்

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலில் நடக்கும் கல்யாணமானாலும், நெய்வேலி டவுன்ஷிப் மண்டபத்தில் நடக்கும் வரவேற்பானாலும், கேமராவில் பதிந்ததெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் ஏதோ ஒரு ஸ்டுடியோவின் எடிட்டிங் சிஸ்டம்தான். அந்தச் சிஸ்டம் 2022 கடைசிக்குப் பிறகு அசெம்பிள் செய்ததா? உள்ளே இருப்பது 13-ஆம் அல்லது 14-ஆம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9-ஆ? அப்படியென்றால் அடுத்த ரெண்டரைப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய சிஸ்டத்தில் எடியஸோ, பிரீமியர் புரோவோ, டாவின்சி ரிசால்வோ காரணமில்லாமல் மூடிக்கொள்கிறது என்றால், குற்றவாளி அந்த சாஃப்ட்வேராக இல்லாமல் பிராசசராகவே இருக்கலாம். அதுவும் ஒரே நாளில் எரிந்துபோகும் பிராசசர் அல்ல. மாதக்கணக்கில், வெளியே தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் பிராசசர். இது வதந்தி இல்லை. இன்டெல் நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, காரணத்தை வெளியிட்டு, வாரண்டியையும் நீட்டித்த விவகாரம்.

முதலில் சத்தம் போட்டவர்கள் கேம் ஆடுபவர்கள். 2024 தொடக்கத்தில் டெக்கன் 8 போன்ற விளையாட்டுகளைத் திறந்தாலே ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று பிழை காட்டி மூடிக்கொள்வதாகத் தென்கொரியாவிலிருந்து புகார்கள் வந்தன. 24 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே பிழை. எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஏப்ரலில் என்விடியா தன் டிரைவர் குறிப்பிலேயே, 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் நிலைத்தன்மைக் கோளாறுக்கு அந்தப் பக்கம் பார்க்கட்டும் என்று கைகாட்டியது. ஜூலை 22 அன்று, பிராசசருக்குள் இருக்கும் மைக்ரோகோடு தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்குகிறது என்று இன்டெல் அறிவித்தது. செப்டம்பரில் முழுக் காரணமும் வந்தது. பிராசசர் கோரில் நேரத்தை அளந்துகொடுக்கும் கிளாக் சர்க்யூட், அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து தாக்குவதால் தேய்ந்துபோகிறது. கச்சேரியில் தவில் தாளம் தப்பினால் நாதஸ்வரம் எவ்வளவு பெரிய வித்வான் கையில் இருந்தாலும் குழம்பும் அல்லவா, அந்த நிலைதான். கிளாக் பிசகியதும் பிராசசர் தவறாகக் கணக்குப் போடுகிறது. தவறான கணக்கு கைக்கு வந்த சாஃப்ட்வேர் கவிழ்கிறது.

நம் எடிட்டர்கள் இதில் ஏன் அதிகம் மாட்டுகிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. இன்டெல்லில் வீடியோ வேலையை வேகப்படுத்தும் குயிக் சிங்க் என்ற வசதி இருக்கிறது. எடியஸில் எச்.264 எக்ஸ்போர்ட் பறக்க வேண்டும் என்றால் அது வேண்டும். இப்போதைய கேமராக்கள் தரும் 10-பிட், 4:2:2 எச்இவிசி ஃபுட்டேஜ் டைம்லைனில் தடுமாறாமல் ஓடுவதற்கும், ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வரும் வரை, என்விடியா கார்டு உதவவில்லை. குயிக் சிங்க்தான் கைகொடுத்தது. ஆகவே வீடியோ வேலைக்கு இன்டெல்தான் என்று கடைக்காரர் சொன்னதில் பிழை இல்லை. அந்தச் சரியான யோசனைதான் நம்மை இந்தச் சிக்கலான தலைமுறையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இன்னொன்று எனக்கு மிகவும் கவலை தருகிறது. நம் ஊரில் சிஸ்டம் படுத்தால் பழிபோட வேறு ஆட்கள் ரெடியாக இருக்கிறார்கள். நெய்வேலி சுரங்கத் தூசி, சாம்பல், பண்ருட்டி வெயில், வோல்டேஜ் ஏற்ற இறக்கம். சர்வீஸ் பண்ண வருபவர் பிளோயர் அடித்துத் தூசியை எடுப்பார், ரேமைக் கழற்றித் துடைத்துப் போடுவார், விண்டோஸை ஃபார்மேட் செய்வார். இரண்டு நாள் ஓடும். மறுபடி அதே கதை. பிறகு எஸ்எம்பிஎஸ் மாற்று என்பார், கிராபிக்ஸ் கார்டு மாற்று என்பார். பணமும் போய், ஆல்பம் கேட்டு வீட்டார் போன் செய்துகொண்டே இருக்க, உள்ளே பிராசசர் தேய்ந்துகொண்டே இருக்கும். தூசியும் சூடும் கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றைச் சரிசெய்த பிறகும் கோளாறு தொடர்கிறது என்றால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கேள்வி, எந்த இடத்தில் நிற்கிறது என்பது. எக்ஸ்போர்ட் ஒவ்வொரு தடவையும் டைம்லைனில் ஒரே இடத்தில் நின்றால் பயப்பட வேண்டாம். அந்த இடத்தில் இருக்கும் கிளிப், பிளக்-இன், டைட்டில் எழுத்துரு ஆகியவற்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கும். சொந்தக்காரர் போனில் எடுத்து அனுப்பிய வீடியோவாகவும் இருக்கலாம். போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் நொடிக்கு நொடி மாறும். எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அது ஆகாது. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச சாஃப்ட்வேரில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுப் போட்டால் தீரும்.

நிற்கும் இடம் தடவைக்குத் தடவை மாறுகிறதா? இன்று 12-ஆவது நிமிடம், நாளை 40-ஆவது நிமிடம், அடுத்த நாள் ஒழுங்காக முடிகிறது என்றால் கோளாறு ஹார்டுவேரில் என்று சந்தேகியுங்கள். கூடவே வேறு அறிகுறிகளையும் பாருங்கள். பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது பிழை வருகிறது. என்விடியா டிரைவர் இன்ஸ்டால் ஆகாமல் பாதியில் தோற்கிறது. குரோமில் டேப்கள் தானாகச் செத்துப்போகின்றன. நீலத்திரை வருகிறது, ஆனால் வரும்போதெல்லாம் வேறு வேறு காரணம் சொல்கிறது. ரேம் தாராளமாக இருக்க, மெமரி போதவில்லை என்கிறது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பிராசசர்மேல் கை வைக்கும் நேரம் வந்துவிட்டது.

எந்தப் பிழையும் காட்டாமல் சிஸ்டமே பொட்டென்று அணைந்து போனால் அது வேறு வழக்கு. ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட் வரை இழுக்கும். இதைக் கொண்டுபோய் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வாங்கிய 600 விஏ யுபிஎஸ்ஸில் சொருகியிருந்தால், கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கைவிரித்துவிடும். முதலில் அதை மாற்றுங்கள்.

இனி சோதனை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசசரின் முழுப் பெயரைப் படியுங்கள். ஐ9-13900, 14900, ஐ7-13700, 14700 என்று தொடங்கும் டெஸ்க்டாப் பிராசசர்கள், பின்னால் கே, கேஎஃப், எஃப் என்று எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தப் பட்டியலில் வருகின்றன. ஐ5-இல் 13600கே, 14600கே, அவற்றின் கேஎஃப் வகைகள். 12-ஆம் தலைமுறைக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் இந்தக் கோளாறு கிடையாது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கும் இல்லை. லேப்டாப் பிராசசர்களுக்கு இது பொருந்தாது என்று இன்டெல் சொல்லியிருக்கிறது.

பெயர் பொருந்தினால், எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் மைக்ரோகோடு எண்ணைப் பாருங்கள். இன்டெல் 2024 ஜூனில் 0எக்ஸ்125, ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று வரிசையாகத் திருத்தம் விட்டது. 129 திருத்தம் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்கவிடாமல் தடுக்கிறது. ஆனால் 12பி மிக முக்கியம். சிஸ்டம் சும்மா இருக்கும்போதும் லேசான வேலை செய்யும்போதும்கூட அதிக வோல்டேஜ் கேட்கப்பட்டது என்பது அப்போதுதான் வெளிவந்தது. ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். ரெண்டர் 2 மணிக்கு முடிந்துவிடும். காலை வரை சிஸ்டம் சும்மா எரியும். வேலையே இல்லை, தேயாது என்று நினைத்த அந்த நேரத்திலும் தேய்மானம் நடந்திருக்கலாம். 2025 மே மாதம் வந்த 0எக்ஸ்12எஃப், நாள்கணக்கில் அணைக்காமல் லேசான வேலையில் ஓடும் சிஸ்டங்களுக்கானது. பல ஸ்டுடியோக்களில் சிஸ்டம் ஓடுவது அப்படித்தானே? உங்கள் எண் 12பி-க்குக் கீழே இருந்தால் இன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். முகூர்த்தமில்லாத ஆடி வரட்டும், மார்கழி வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இந்தத் திருத்தம் மதர்போர்டு நிறுவனம் தரும் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் வருகிறது. விண்டோஸ் அப்டேட் போட்டாயிற்று என்று சும்மா இருந்துவிடக் கூடாது. பயாஸ் போடும்போது மூன்று விஷயங்களில் மிக மிக ஜாக்கிரதை. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் தொடவே கூடாது; பாதியில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடும். நல்ல யுபிஎஸ்ஸில் வைத்துத்தான் செய்ய வேண்டும். அடுத்து, விண்டோஸ் 11-இல் பிட்லாக்கர் உங்களுக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கலாம். பயாஸ் மாறியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். கீ இல்லையென்றால் டிஸ்க்கில் இருக்கும் அத்தனை கல்யாணமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முன்கூட்டியே பிட்லாக்கரை நிறுத்திவைத்து, கீயையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, அப்டேட் முடிந்ததும் பயாஸுக்குள் போய் ‘இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்’ தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சார வரம்பையே எடுத்துவிட்டு ‘அதிக வேகம்’ என்று காட்டிய போர்டுகளும் இந்தத் தேய்மானத்துக்கு ஒரு காரணம் என்று இன்டெல் பட்டியலிட்டிருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பயாஸ் அப்டேட் மேற்கொண்டு தேய்வதைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததை எதனாலும் திருப்பித் தர முடியாது. அப்டேட்டுக்குப் பிறகும் கிராஷ் தொடர்ந்தால், பயாஸில் பி-கோர் வேகத்தை 5 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கட்டிவைத்துவிட்டு, தொடர்ந்து தோற்ற அதே புராஜெக்ட்டை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். வேகத்தைக் குறைத்ததும் ஒழுங்காக முடிகிறது, ஏற்றினால் மறுபடி நிற்கிறது என்றால் அந்தப் பிராசசர் பழுது என்பதற்கு இதைவிட வலுவான அடையாளம் வீட்டிலிருந்தபடி கிடைக்காது. கையில் இருக்கும் ஆர்டர்களை முடித்துக் கொடுக்க அந்தக் குறைந்த வேகம் உதவும். அதையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொண்டு வாரண்டியைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். முழுப் பணம் கொடுத்து வாங்கிய வேகம் அது.

ஃபுட்டேஜ் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். சிஸ்டத்தில் சந்தேகம் வந்த நாளிலிருந்து கேமரா கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள். வேறொரு சிஸ்டத்தில் அல்லது லேப்டாப்பில் சொருகி இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டைத் தொட வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று அந்தச் சிஸ்டத்தில் ஜிப் செய்து மூலத்தை அழிக்கவே கூடாது. தவறாகக் கணக்குப் போடும் பிராசசர் செய்த ஜிப் விரியாமல் போகலாம். பிழையே காட்டாமல் முடிந்த எக்ஸ்போர்ட்டையும் முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டே பென்டிரைவில் கொடுங்கள். மாங்கல்ய தாரணத்தின் நடுவில் திரை கட்டம் கட்டமாக உடைந்தால் அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வது? அதை மறுபடி எடுக்க முடியாது.

ஏஎம்டி வைத்திருப்பவர்களும் பயாஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில, அதிக வோல்டேஜால் போர்டோடு சேர்ந்து கருகின. அதற்கும் மருந்து பயாஸ் அப்டேட்தான்.

பழைய சாமான் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ ஐ9-13900கே, 14900கே பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் தொடாதீர்கள். தேய்ந்த பிராசசருக்கும் நல்ல பிராசசருக்கும் மேலே பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. கடையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் இரண்டும் ஒரே மாதிரி ஓடும்.

வாரண்டியைப் பொறுத்தவரை, பாதிக்கப்பட்ட இந்தப் பிராசசர்களுக்கு வழக்கமான 3 ஆண்டோடு 2 ஆண்டு கூட்டி, 5 ஆண்டாக ஆக்கியிருக்கிறது இன்டெல். 3 வருஷம் முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பித் திரும்பி வராதீர்கள். உங்களுடையது பெட்டியோடு வந்த பாக்ஸ் பீஸா, பெட்டியில்லாமல் வந்த ட்ரே பீஸா என்று பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பாக்ஸ் பீஸ் என்றால் இன்டெல்லிடமே நேரடியாகக் கேட்கலாம். பெட்டி லேபிளில் உள்ள தொகுப்பு எண்ணையும் வரிசை எண்ணையும் கேட்பார்கள், ஆகையால் அந்த அட்டைப்பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ட்ரே பீஸ் என்றால் அசெம்பிள் செய்து விற்ற கடைக்காரர் வழியாகத்தான் போக வேண்டும். கிராஷ் ஆன தேதிகள், திரையில் வந்த பிழைகளின் படங்கள், வேகத்தைக் குறைத்தபோது சரியானது என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதிக் கையில் கொடுங்கள். 13-ஆம் தலைமுறை விற்பனைக்கு வந்தது 2022 அக்டோபரில். வந்தவுடன் வாங்கியவர்களுக்கு அந்த 5 ஆண்டு 2027 அக்டோபரில் முடிகிறது. பில்லை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.