பலகை நுனியில் ஆள் எதற்கு?

தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும்: படகின் குறுக்கே நீளப் பலகை, காற்று வரும் பக்கம் அதன் நுனியில் ஆட்கள், கீழே வெறும் தண்ணீர். ஏன் இந்தத் துணிச்சல்?

காற்று பாயை உயரத்தில் தள்ளுகிறது. தண்ணீர் படகின் அடியை எதிர்ப்பக்கமாக அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்து படகைச் சாய்க்கின்றன. நிமிர்த்துவதற்கு ஆளின் எடை மட்டும் போதாது, நடுக்கோட்டிலிருந்து அவர் இருக்கும் தூரமும் வேண்டும். 1 மீட்டரில் 70 கிலோ ஆள் செய்வதை 2 மீட்டரில் 35 கிலோ சிறுவனே செய்துவிடுவான்.

சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியல் படகில் பலகை கிடையாது. உள்ளே கட்டிய பட்டையில் பாதத்தைக் கோத்து, உடம்பை வெளியே சாய்க்க வேண்டும். பட்டையின் கயிறு அறுந்தால் நேரே கடல்தான். புறப்படுமுன் பாயைப் பார்க்கிற அக்கறை இதற்கும் வேண்டும்.

பலத்த காற்றில் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். காற்று சட்டென்று ஓய்ந்தால் சாய்க்கும் விசை போய்விடும், வெளியே தொங்கும் எடை நிற்கும். படகு ஆள் பக்கமே கவிழும்.

தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல் போன்ற முகத்துவாரத்தில் இன்னொரு சிக்கல். வெளியேறும் நீரோட்டம் எதிரே வரும் அலையைச் சந்தித்தால் அலைநீளம் சுருங்கி, உயரம் கூடி, அலை செங்குத்தாகும்.

விழுந்தால் படகை விடக் கூடாது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு நீந்திப் பிடிப்பது கடினம்; தேடுபவர் கண்ணுக்கும் தலையைவிடப் படகுதான் முதலில் படும். பாய்க்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதோ கூடவே கூடாது: கவிழும்போது அது ஆளைப் பாய்க்கு அடியில் பிடித்துவைக்கும்.