உப்புக் காற்றில் அட்வென்ச்சர் பைக்... எங்கெல்லாம் கவனம் தேவை?

மணமேல்குடி பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டுவது தனி சுகம். ஆனால், அந்தக் கடற்காற்றில் இருக்கும் உப்பு, பைக்குக்கு எதிரி!

2023 நவம்பரில் அறிமுகமான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ எடுத்துக்கொள்வோம். 452 சிசி இன்ஜின், 40 பிஎஸ் பவர், 196 கிலோ எடை. இவ்வளவு சக்தியையும் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரே ஒரு செயின்தான்.

செயின்: 500 கி.மீ-க்கு ஒருமுறை சுத்தம் செய்து லூப் அடியுங்கள். பெட்ரோல் வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடையுங்கள். இன்ஜின் ஓடும்போது துடைத்தால் விரலே போய்விடும்.

பிரேக்: பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்து, அவசரத்தில் பிரேக் பிடிக்காது. 2 வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கூலன்ட்: குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பு ரேடியேட்டரை அரிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

டயர்: வண்டி ஓட்டும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபாருங்கள். மணலுக்காகக் குறைத்திருந்தால், தார்ச்சாலை ஏறும் முன் நிரப்புங்கள்.

கழுவுதல்: கடற்கரைக்குப் போய் வந்தால், அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சக்கரத்தின் நடுவே பிரஷர் வாஷ் அடிக்காதீர்கள். பேரிங்கில் தண்ணீர் புகும். ஸ்போக்குகளைத் துடைத்து உலரவிடுங்கள்.

செயின் தளர்வு, டயர் காற்று அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும். வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்!